நகம் பதிந்த ஈர மண்

காலையில் செல்போனைத் திறந்தால் ஒரு படம். ஈர மண்ணில் ஒரு காலடி, பக்கத்தில் அளவுக்காக ஒரு தீப்பெட்டி. மலையடிவாரத்துத் தேவாரம் ஊரிலிருந்து, ஆட்டுக்காரர் சீனிச்சாமியின் மகன் அனுப்பியிருந்தான். கீழே, "அண்ணே, இது நாயா, சிறுத்தையா?" காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீப்பெட்டி நான் ஊருக்குக் கொடுத்த பழக்கம். பல வருடங்களுக்கு முன், காட்டுக் காவலில் தற்காலிக ஆளாக ஒரு வருடம் அந்த அடிவாரத்தில் திரிந்தேன். பயிற்சி முகாமில் மூன்று நாள் பிளாஸ்டர் மாவைக் குழைத்துத் தடங்களில் ஊற்றி அச்செடுத்தோம். நாய்க்கு நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கற்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. டீக்கடை வாசலில் கோழிக்கால் தடத்தைக்கூடக் குனிந்து பார்ப்பேன். சிரிப்பீர்கள். மேலே கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஒரு காலையில் சீனிச்சாமியின் பட்டியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் குதறிக் கிடந்தன. பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருந்த பேச்சியக்காவின் நாய் மணி, அங்கே ரத்தத்தை நக்கிக்கொண்டு நின்றது. தடம் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். வாய்க்கால் கரைச் சரிவில் தீப்பெட்டியை வைத்தேன். நான்கு நகமும் தெளிவாக இருந்தன.

"நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. விடியிறவரைக்கும் அது எங் கட்டிலுக்கடியிலதான் கெடந்துச்சு" என்றாள் பேச்சியக்கா.

"நகம் இருக்குல்லக்கா. நாய்தான்."

சீனிச்சாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டார். மணி வாலை ஆட்டிக்கொண்டே போனது. ஒரே அடியில் சாகவில்லை. பேச்சியக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் விரல்களை விலக்கிவிட்டு நோட்டில் 'நாய்' என்று எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு கிடா காணாமல் போய், புளியமரக் கிளையில் தொங்கியது. நாய் மரம் ஏறாது. கரைக்கு ஓடினேன். பழைய தடம் காய்ந்து அப்படியே இருந்தது. வழுக்கும் சரிவில் சிறுத்தையும் பிடிமானத்துக்கு நகத்தை நீட்டும். அதையும் முகாமில் சொல்லித்தான் தந்தார்கள். உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மேடு பதிந்திருந்தது, அது சிறுத்தைக்கு உரியது. நகத்தைக் கண்ட பெருமையில் அதுவரை என் கண் போகவே இல்லை.

"அப்ப அன்னைக்கு வந்தது?" என்றார் பின்னால் வந்த சீனிச்சாமி.

"அது நாய்தான். இது புதுசா எறங்குனது." சொல்லிக்கொண்டே தடத்தைச் செருப்பால் தேய்த்துவிட்டேன்.

பேச்சியக்கா அதை நம்பினாள். "ஆபீசுக்காரக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நாந்தான் அத ஒழுங்கா வளக்கல" என்று எனக்கே மோர் ஊற்றிக் கொடுத்து அழுதாள். வாங்கிக் குடித்தேன். வெட்கங்கெட்ட வயிறு.

இப்போது அந்த வாய்க்காலின் பாதிக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். புளியமரம் இல்லை. பேச்சியக்கா பெரியகுளத்தில் மகள் வீட்டில் இறந்துபோனாள். உண்மையைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

படத்தைப் பெரிதாக்கினேன். நகம் இருந்தது. பின்னால் மூன்று மேடும் இருந்தது. "சிறுத்தை. நகத்தை நம்பாதே" என்று அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"நீங்க ஒடனே பதில் போடலையேண்ணே. நகம் இருந்தா நாய்தான்னு நீங்க சொன்னீகளாம்ல, அப்பா சொன்னாக. இப்பத்தான் நாய அடிச்சுப் போட்டோம்."