பகையும் ரெண்டு கூறு புளியும்

எங்களுக்குள் பகை என்று ஊரே சொல்லும். எங்களுக்குள் என்றால் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும். பாகம் பிரித்தபோது வரப்பு ஒரு முழம் யார் பக்கம் நகர்ந்தது என்பதில் ஆரம்பித்தது. ஆறு வருசமாகப் பேச்சில்லை. ஒருத்தர் வூட்டில் ஒருத்தர் கை நனைப்பதில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் ஒரு சொல் காதில் விழுந்தால் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டேன். கடத்தூர் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். 'பகு' என்பதிலிருந்து வந்ததாம் பகை. பகு என்றால் பிரி, கூறு போடு. படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தச் சொல்லை முதலில் சொன்னவருக்கும் ஒரு பங்காளி இருந்திருப்பார் போல!

எல்லாம் பிரித்தும் வரப்பில் நின்ற புளியமரத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. மாசியில் உலுக்குவோம். ஒருத்தர் ரெண்டு கூறாகக் குவிக்கணும், மற்றவர் முதலில் எடுக்கணும். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் குவிக்கிறவர் கை தராசாகிவிடும். பேச வேண்டியதை, பக்கத்தில் கட்டியிருக்கும் அவருடைய வெள்ளாட்டிடம் பேசிக்கொள்வோம்.

இந்த மாசியில் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வைகாசியில் மகள் கல்யாணம். பந்தக்காலை மூத்த பங்காளி நடணும், அது அவர்தான். மகள் அவர் தோளில் வளர்ந்தவள். அவர் வராவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

உலுக்கி முடித்து அவர் குவிக்க உட்கார்ந்தார். நான் ஆட்டைப் பார்த்து, "ஏ ஆடே, பாப்பாவுக்கு வைகாசியில கல்யாணம். பந்தக்கால் நட பெரியவங்க வருவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றேன்.

ஆடு தழையை மென்றது. அவர் குவித்துக்கொண்டே இருந்தார். எழுந்தபோது பார்த்தால் ஒரு கூறு இடுப்பளவு, இன்னொன்று முழங்காலளவு. முதலில் எடுக்க வேண்டியவன் நான்!

"கண்ணு தெரியலையான்னு கேளு, ஆடே."

"கல்யாண வூட்டுக்கு ரசம் சாம்பாருன்னு கூடக் கொஞ்சம் புளி வேணாமான்னு கேளு, ஆடே."

பெரிய கூறு பக்கம் குனிந்தேன். ஆனாலும் பங்காளி வாயாச்சே! "அந்த ரசத்தை ஊத்திச் சாப்பிடுவாங்களான்னும் கேளு" என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம். "மனுசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், ஆட்டுக்கிட்ட என்னடா கேள்வி? எங்கிட்ட கேளு!"

"வந்து நட்டுக் குடுப்பீங்களாண்ணா?"

"பின்ன, ஆடா வந்து நடும்? சாக்கைப் புடி மொதல்ல."

புடித்தேன்.