பதினைந்து மார்க் கடிதம்

என் அப்பா தமிழ் வாத்தியார். அவர் மகளான நான் பதினொன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி இரண்டாம் வருடம் வரை தமிழைத் தொடவில்லை, பிரெஞ்சு படித்தேன். சேர்த்துவிட்டதே அவர்தான். "தமிழ்ல எவன்ட்டி முழு மார்க் போடுதான்? நானே போடமாட்டேன்" என்றார். தன் பிழைப்பைத் தானே இதைவிடக் கேவலமாக யாரும் பேசிவிட முடியாது. பேசிவிட்டு நிம்மதியாகப் பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

பாளையங்கோட்டையில் நான் படித்த கலைக்கல்லூரியில் தமிழ் எடுத்தவர்களுக்குக் கீழே பெரிய ஹால். எண்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பிரெஞ்சுக்கு மாடியில் சின்ன அறை, இருபது பேர், இரண்டு மின்விசிறி. அந்த விசிறிக் காற்றிலேயே எங்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. மாடிப்படியில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எதிரே வந்தால் அவர்கள் காதில் விழும்படி 'போன்ஷூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அதற்குமேல் சொல்ல எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் மேடம் பிரான்சைப் பார்த்ததில்லை. அது ஒரு குற்றமில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசைகூட அவருக்கு இருந்ததில்லை. வந்ததும் ஓரம் நைந்த ஒரு நோட்டைத் திறந்து "எழுதிக்கோங்க" என்பார். மூன்று கட்டுரை, இரண்டு உரையாடல், ஒரு கடிதம். பரீட்சை இதைத் தாண்டிப் போகாது. பிரெஞ்சுப் பண்பாடு என்று ஒரு பேப்பர் உண்டு. அதை ஆங்கிலத்திலேயே எழுதலாம். ஏழு சீஸ் பெயர்களை வரிசையாக எழுதினால் ஐந்து மார்க். ஏழில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பிரெஞ்சு தினம் கொண்டாடுவோம். தெர்மோகோலில் ஒரு பாரீஸ் கோபுரம். வியர்த்துக் கொட்டுகிற வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர். கடையில் வாங்கிய சீஸ் துண்டை நாலாக வெட்டிக் குச்சியில் குத்தி நீட்டுவோம். கல்லூரி முதல்வர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், பிரெஞ்சுக்காரர்களின் ரசனையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். முடிந்ததும் எல்லாரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுமுறையைப் பற்றித் தோழிக்கு எழுதும் கடிதம். பதினைந்து மார்க். 'அன்புள்ள தோழிக்கு, நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். இங்கே வெயில் இதமாக இருக்கிறது.' பிறகு பனிமலை, சறுக்கு விளையாட்டு, அத்தை வீட்டுச் சாக்லெட் கேக். இருபது பேரும் ஒரே அத்தை வீட்டுக்குப் போய் ஒரே கேக்கைத் தின்றோம். மே மாதப் பரீட்சை ஹாலில், பேப்பரில் வியர்வை சொட்டச் சொட்ட, வெயில் இதமாக இருக்கிறது என்று எழுதினோம். திருத்தியவருக்கும் வியர்த்துத்தான் இருக்கும்; ஆனாலும் முழு மார்க் போட்டார்.

எனக்குத் தொண்ணூற்றெட்டு. பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். அப்பா தெருமுனையில் என் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் எனக்குப் பின்னால் அந்தக் கோபுரம் நின்றது.

அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெரு அக்கா என்னைத் தேடி வந்தாள். அவள் புருஷன் பாரீசில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தார். அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இன்னும் நினைவு வரவில்லை என்று கூடத் தங்கியிருந்தவர் ஃபோனில் சொல்லியிருந்தார். அந்த ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை. உடம்பு விவரம் கேட்க ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஏ பிள்ள, ஒனக்குத்தான அந்த பாஷ தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. அவியளுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது. போட்டா உடம்பெல்லாம் வெந்தாப்ல ஆயிரும். அத மட்டும் மறந்துராத" என்றாள். கையோடு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. ஒரு நர்ஸ். அவள் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பிரெஞ்சைப் பிரெஞ்சுக்காரர் பேசி நான் கேட்டதே அன்றுதான். அவள் மறுபடி சொன்னாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பைய, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். 'பென்சிலின், நோ' என்று மட்டும் நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிரெஞ்சே தேவையில்லை. அந்த அக்காவே சொல்லியிருப்பாள். ஆனால் நான் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். ஃபிளெக்ஸில் நிற்பவள். அரைகுறையாகப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. 'ஒத்துக்காது' என்பதற்கு ஒரு முழு வாக்கியத்தைத் தேடினேன். மேடத்தின் நோட்டில் யாருக்கும் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். வந்துவிட்டது, தங்குதடையில்லாமல், ஒரு பிழையில்லாமல்.

"நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். இங்கே வெயில் இதமாக இருக்கிறது."

பிறகு நர்ஸ் நன்றி சொன்னாள். அது மட்டும் எனக்குப் புரிந்தது. வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொல்லுதாவ?"

"பயப்பட ஒண்ணும் இல்லயாம். நல்லா இருக்காவளாம். அங்கன வெயில்கூட இதமா இருக்காம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். திரும்ப அந்த நம்பருக்குக் கூப்பிடுவோம் என்றோ, தெரிந்த ஒருவரைத் தேடுவோம் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் தெரியாது என்று ஆகிவிடும். ஒரு மனிதன் உயிரைவிட என் ஃபிளெக்ஸ் எனக்குப் பெரிதாக இருந்தது. மேடத்தையும் அப்பாவையும் நான் எத்தனை திட்டினாலும், இதை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

நாலு மாதம் கழித்து அவர் ஊருக்கு வந்தார். பார்க்க வரச்சொல்லி அக்கா ஆள்விட்டாள். போனேன். அவள் காப்பி போட உள்ளே போனதும் அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். தோள்வரை தோல் உரிந்து, திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"அந்த ஊசியப் போட்டுட்டாவ. பன்னெண்டு நாளு நெனவு இல்ல" என்றார். "நர்சம்மா பொறவு சொன்னா. ஒங்க வீட்ல ஒரு பிள்ள பேசுச்சு, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேட்டதுக்கு வெயில் நல்லாருக்குன்னு சொல்லுச்சுன்னா."

குரலில் கோபமில்லை. எட்டாம் வகுப்புத் தாண்டாதவர். அடுப்படியில் நின்று அந்த பாஷையைக் கற்றுக்கொண்டவர். "இவட்ட நான் சொல்லல" என்று உள்பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிக்கொண்டார்.

அக்கா காப்பியோடு வந்தாள். "அன்னைக்கு இவ மட்டும் பேசலன்னா என்ன ஆயிருக்கும்! நம்ம பிள்ளையும் இந்த வருசம் பதினொண்ணாம் வகுப்பு. பிரெஞ்சுல போட்டாச்சு. ஒன் நோட்ட அவளுக்குக் குடு, என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே அந்தக் கடிதம் இருந்தது. அதை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பதினைந்து மார்க். கிழிக்காமலே கொடுத்தேன்.