இஞ்சித் தேத்தண்ணி தந்த வீடு

வல்வெட்டித்துறையில் நாங்கள் வீடு வாங்கப் புறப்பட்டது அறுபத்தைந்தில். விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்றில் ஓடு பாதியைக் காணவில்லை. உள்ளே படுத்தால் நட்சத்திரம் பார்க்கலாம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். மற்றது ஒரு ஒழுங்கை தள்ளி, கடல் பக்கம். சிவப்புச் சீமெந்து நிலம் பளபளத்தது. என் கணவர் அதில் ஒருமுறை வழுக்கிவிட்டு, அதையே தரத்துக்கு அத்தாட்சி என்றார்.

"மற்றது மாட்டுக்கொட்டில். இதிலையெண்டால் இண்டைக்கே பாயை விரிக்கலாம்."

"தண்ணி எப்பிடியெண்டு பாக்க வேண்டாமே?"

"தேத்தண்ணி குடிச்சனீர்தானே. நல்லாத்தானே இருந்தது."

இருந்தது. இஞ்சியும் ஏலக்காயும் இடித்துப் போட்டால் கடல்தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கும். பச்சைத் தண்ணீர் கேட்க எனக்கு வாய்வரை வந்தது. வீட்டை விற்க வந்து, தேநீரும் தந்து உபசரிக்கிறவர்களிடம் அதைக் கேட்டால் மரியாதையில்லை என்று விழுங்கிவிட்டேன்.

குடிபுகுந்த அன்று கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பால் காய்ச்சினோம். திரிந்தது. சட்டி சரியாகக் கழுவவில்லை என்றார் அவர்.

பிறகு எட்டு வருடம், காலையும் மாலையும், இடுப்பில் குடத்தோடு அந்த மாட்டுக்கொட்டிலுக்கு நடந்தேன். அதை வாங்கியவர்கள் ஓலையால் கூரையை மூடிவிட்டுச் சுகமாக இருந்தார்கள். "வாங்கோ அக்கா, உங்கடை கிணத்துக்கு," என்பாள் வீட்டுக்காரி. சிரிப்பேன். வயிறு எரியும்.

கடைசியில் வீட்டை விற்க அவர் சம்மதித்தார். விற்றால் நல்ல தண்ணீர் உள்ள வளவாகப் பார்த்துப் போகலாம். என் இடுப்புக்கு விடுதலை. பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள்.

"இஞ்சியைக் கொஞ்சம் கூடப் போடும்," என்றார் அவர் என் காதுக்குள். போட்டேன். வெட்கமே இல்லாமல் போட்டேன்.

அந்தப் பெண் கோப்பையைத் தொடவில்லை. "எனக்குப் பச்சைத் தண்ணி காணும் அக்கா."

குசினியில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்றில் நான் சுமந்து வந்தது, மற்றதில் எங்கள் கிணற்று உவர்த்தண்ணீர். அவளுக்கு மெல்லிய இடுப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரையே வார்த்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப வாறம் அக்கா," என்று எழும்பினாள். அவர்கள் திரும்பி வரவில்லை.

படலையைச் சாத்திவிட்டு வந்து, ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் மூலையில் கிடந்த வெறுங்குடத்தை எடுத்தார். ஊர் பார்க்கக்கூடாதென்று சால்வையால் அதை மூடினார். மூடிக்கொண்டு, எட்டு வருடத்தில் முதல் தடவையாக, தண்ணீருக்குப் போனார்.