ரோசலினும் ஒற்றைத் தும்மலும்

போன வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகளின் செல்ஃபோன் அணைந்திருந்தது. வேலூருக்கு வேலைத் தேர்வுக்குப் போனவள், பன்னிரண்டரைக்கே 'பஸ் ஏறிட்டேம்மா' என்று சொல்லியிருந்தாள். ஐந்து மணியாகியும் வரவில்லை. காவல் நிலையத்தில் போட்டோ கேட்பார்களே என்று பீரோவைக் குடைந்தேன். போட்டோ அகப்படவில்லை. அடித்தட்டில் ரோசலின் அகப்பட்டது.

ரோசலினைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவர் திருவண்ணாமலையில் இல்லை. அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

கட்டைவிரல் உயரப் புட்டி. கண்ணாடி மூடி, கழுத்தில் ஊதா ரிப்பன். பம்பாயிலிருந்து வந்த பெண்கள் சென்ட் அது. எழுபதுகளின் கடைசியில் தேரடி வீதி ஃபேன்சி ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் பெண்கள் கையில் பூசிக் காட்டமாட்டார். ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் எலுமிச்சைத் தோல் வாசம் வரும். அப்புறம் ஏதோ பெயர் தெரியாத பூ. கடைசியில், சிரிக்காதீர்கள், புது நோட்டுப் புத்தகம்.

நான் அப்போது வேர்க்கடலை மண்டி ஒன்றில் டைப்பிஸ்ட். கூட வேலை பார்த்த விஜயாவும் நானும் சேர்ந்து ஒரு புட்டி வாங்கினோம். ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு.

"ரெண்டு சொட்டு போதும்மா. ஜாஸ்தியானா தல வலிக்கும்" என்றார் கடைக்காரர்.

யார் கேட்டது? எங்களுக்கு வாசனை என்றால் அது தலையில் இருக்க வேண்டும். மணிக்கட்டை விட்டுவிட்டு மல்லிகைச் சரத்தின்மேல் தெளித்துக்கொண்டோம். சென்ட்டில் இருக்கும் ஸ்பிரிட் பட்டால் பூ என்ன ஆகும்? மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் கருகிவிடும். "இன்னாம்மா, வெங்காயச் சருகு வச்சினு வந்திருக்கீங்க?" என்று மூட்டை தூக்குபவர்கள்கூடக் கேட்டார்கள். அப்போதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. தைரியத்துக்காக அரைப்புட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காபித் தட்டோடு போய்க் குனிந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தும்மினார்.

ஒரே தும்மல்.

நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது. இரண்டாவது வந்துவிட்டால் தோஷமில்லை. வீடே அந்த அம்மாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னொண்ணு போட்டுடுங்கம்மா" என்று என் மாமா கெஞ்சினார். வரவில்லை. காபியைத் தொடாமலே எழுந்துகொண்டார்கள்.

"கொட்டுடி, இன்னும் கொட்டு. மலை உச்சி வரைக்கும் மணக்கட்டும்!" என்றாள் அம்மா.

செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். கிரிவலம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வீட்டுக்குப் போக பயம். பௌர்ணமி இல்லாத நாளில் அப்போதெல்லாம் அந்தப் பாதையில் ஆளே இருக்காது. இருட்டும் வேளையில் திரும்பினால், தெருமுனையில் அம்மா. காற்று என் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. என் முகம் தெரியுமுன்பே சொன்னாள்: "வா, வா. கலந்து வச்ச காபி ஆறியே போச்சு."

எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று நான் கேட்டதே இல்லை.

கல்யாணம் வெகு நாள் தள்ளிப்போனாலும், வேலை எனக்கு மிஞ்சியது. ரோசலின்தான் எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. "கம்பெனிய மூடிட்டாங்கம்மா. இப்ப எல்லாரும் புஸ்ஸுனு அடிக்கிறதுதான் கேக்கறாங்க" என்றார் கடைக்காரர். அந்த இடத்தில் இன்று செல்ஃபோன் விற்கிறார்கள். விஜயா ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். அம்மாவும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த மூடியை நெம்பித் திறந்தேன். எலுமிச்சை போய்விட்டது, பூவும் போய்விட்டது. நோட்டுப் புத்தகம் மட்டும் லேசாக இருந்தது. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தெருமுனைக்குப் போய் நின்றேன்.

ஏழு மணிக்கு மகள் வந்தாள். செருப்பு கையில், பாதமெல்லாம் புழுதி.

"ஃபோன நாந்தாம்மா ஆஃப் பண்ணேன். வேலை கெடைக்கல. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு, மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "காபி இருக்காம்மா?"