பட்டியல் மட்டும்தானே

அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். ஒரு கண் ஆஸ்பத்திரியின் பதிவுகளைப் பராமரிக்கும் மென்பொருளில் பிழை இருந்தால் தானாகவே காட்டிக்கொடுக்கும் சோதனைகளைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவது அவள் வேலை. வந்த நாள் முதல் ஒப்பந்தக்காரிதான். சாரத்திலிருந்து விழுந்த புருஷன் படுத்த படுக்கை. அவள் நிரந்தரமானால்தான் அவன் முதுகு ஆபரேஷனைக் கம்பெனிக் காப்பீடு ஏற்கும். அந்த ஆசையைக் காட்டியே முதலாளி அவளை மாடாய் உழைக்க வைத்தார்.

முதலாளியின் மருமகனும் அங்கேதான். மாமனார் வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டிய அளவுக்கு வேலை மண்டையில் ஒட்டவில்லை. அவன் எழுதிய சோதனைக் கோப்பில், புதிதாகத் தொடங்குவதற்காகப் பழைய பதிவுகளையெல்லாம் அழிக்கும் வரி எந்தச் சோதனைக்குள்ளும் அடங்காமல் உச்சியில் தனியாக நின்றது. சோதனைகளை ஓட்டவே வேண்டாம். என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் கேட்டாலே போதும், பைத்தான் கோப்பைத் திறந்து படிக்கும், அப்படி வெளியே நிற்கும் வரியைச் செய்தும் முடித்துவிடும். இதை அவள் சொல்லாத நாள் இல்லை. சல்லடைக்கு ஓட்டையைத் தவிர வேறென்ன தெரியும் என்று முதலாளி சிரிப்பார். அழிவது நிஜப் பதிவுகள் இல்லை, சோதனைக்கென்று வைத்த பயிற்சி நகல்தானே என்று அவளும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப நிரப்பிவைப்பாள்.

அன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்திருந்தார்கள். இது நல்லபடியாக முடிந்தால் இன்றைக்கே நிரந்தரம் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார், அவளும் போனில் புருஷனிடம் சொல்லியிருந்தாள். சோதனைகளின் பட்டியலைப் பெரிய திரையில் காட்டச் சொன்னார். மருமகனின் கோப்பை விட்டுவிட்டு எடுக்கட்டுமா என்று அவர் காதோடு கேட்டாள்.

"பட்டியல் மட்டும்தானேம்மா? அடிச்சுத் தொலை."

ஓட்டாதே, சேகரித்து மட்டும் காட்டு என்ற கட்டளையைத் தட்டினாள். பெயர்கள் வரிவரியாக இறங்கின. வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பதிவுகள் மொத்தமும் காணோமாம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தவருக்கு எந்தக் கண் என்றுகூடத் தெரியாமல் டாக்டர்கள் நிற்கிறார்களாம். வந்தவர்கள் அசந்துபோகட்டும் என்று, தன் கோப்பில் நகலின் முகவரியை எடுத்துவிட்டு நிஜப் பதிவுகளின் முகவரியைப் போட்டு வைத்திருந்தான் மருமகன் என்கிற அந்த மகானுபாவன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி மருமகனைப் பார்த்தார். பெற்ற மகள் நினைவுக்கு வந்திருப்பாள். யார் கை அடித்தது என்று மட்டும் கேட்டார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

சாயங்காலம் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். படியிறங்கும்போது மருமகன் ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நின்றாள்.

"அக்கா, அந்த வரியை எங்க மாத்தி வைக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மாமா கேக்குறாரு."

சொன்னாள், பைத்தியக்காரி. அவனுக்குப் புரியவில்லை என்று இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது.

"நிரந்தரம் பண்ணிட்டாங்கல்ல? ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லி டாக்டருக்கு இப்பதான் போன் பண்ணேன்."