தெளிந்துபோன டேங்க்

எண்ணூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்துக்கு அப்போது நான் பொறுப்பாளர். சலவைத்தூளில் கறை நீக்கக் கலக்கும் என்சைம் என்ற நொதியை பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கும் இடம் அது. இரண்டு மாடி உயர டேங்கில் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, பாக்டீரியாவை விட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் கஞ்சி போலக் கலங்கி நுரைக்கும். கலங்கினால்தான் எங்களுக்கு நிம்மதி.

அந்தத் திங்கட்கிழமை காலை டேங்க் தெளிந்திருந்தது.

மாதிரி எடுத்த பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். முந்தைய நாள் அடர்த்தியாக இருந்த கரைசல் ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் முழு செல் ஒன்றுகூட இல்லை, வெறும் துணுக்குகள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை யார் ஷிப்ட்?" மேலாளர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

திருவொற்றியூர்க்காரர் ஒருவர். பன்னிரண்டு வருடமாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பதைத் தாண்டியவர். வால்வுகளை நீராவியால் சரியாகச் சுத்தம் செய்யாமல் வெளியிலிருந்து வைரஸை உள்ளே விட்டுவிட்டார் என்று அன்றைக்கே அவரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. ஆய்வக அறிக்கையை நான் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் எதிரே வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"நான் இன்னாமா பண்ணேன்? அம்மாம் நேரம் ஸ்டீம் உட்டேன். வால்வு ஒவ்வொண்ணா தொட்ச்சேன். கிளவுஸ் போட்டுகினுதான் தொட்டேன். சார்ட்டு கீதே, பாரு."

"பார்த்தேன்ணே. ஸ்டீம் சரியாத்தான் ஏறியிருக்கு."

"அப்போ வெளியேந்து வர்ல. வெளியேந்து வர்லன்னா உள்ளேந்துதானமா வந்துருக்கணும்?"

கோபத்தில் சொன்னார். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் புது பாக்டீரியா ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நான். பழையதைவிட நிறைய நொதி கொடுத்தது. டேங்குக்கு அனுப்பும் அவசரத்தில் ஒரு சோதனையை மட்டும் தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தேபோனேன்.

சில வைரஸ்கள் பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் கொல்வதில்லை. தங்கள் மரபணுக்களை அதன் மரபணுக்களோடு சேர்த்துவிட்டுச் சும்மா கிடக்கும். அவற்றைச் சும்மா வைத்திருப்பது ஒரு புரதம். வைரஸின் மரபணுக்கள் தொடங்கும் இடத்திலேயே உட்கார்ந்து, எதையும் இயங்க விடாது. பாக்டீரியா ஒன்று இரண்டாகும்போது வைரஸும் பேசாமல் இரண்டாகும். ஆனால் பாக்டீரியாவின் டிஎன்ஏ அடிபட்டால், அதைச் சரிசெய்ய உள்ளே ஓர் அபாய ஏற்பாடு தொடங்கும். அந்த நேரத்தில் காவல் புரதம் உடைந்துவிடும். அவ்வளவுதான். அடங்கியிருந்த மரபணுக்கள் வரிசையாக இயங்கும், செல்லுக்குள் வைரஸ்கள் நிறையும், செல் வெடிக்கும்.

ரகத்துக்குள் அப்படி ஒரு வைரஸ் தூங்குகிறதா என்று பார்ப்பதுதான் நான் தள்ளிப்போட்ட சோதனை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த புது ரகத்தின் மூல மாதிரியை இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒன்றை மட்டும் சில விநாடிகள் புற ஊதா விளக்கின் கீழே காட்டினேன். டிஎன்ஏவை அடிக்க அது போதும். இரண்டையும் தனித்தனிக் குடுவையில் ஊற்றி, குலுக்கும் இயந்திரத்தில் வைத்துக் கதவை மூடினேன். உள்ளே வைரஸ் இருந்தால் விளக்குப் பட்டது மட்டும் தெளியும்.

பதினொன்றுக்கு இரண்டும் கலங்கல். வெளியே ஒரு கண்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கும் இரண்டும் கலங்கல். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து இன்றும் கூசுகிறேன். அவர் வேலை போவதில் எனக்கு வந்த சந்தோஷம் அது.

பன்னிரண்டே காலுக்கு விளக்கில் காட்டிய குடுவையின் வழியாக என் விரல்கள் தெரிந்தன. மற்றது கஞ்சியாகவே இருந்தது.

இன்டர்காம் அடித்தது. "ரிப்போர்ட் என்னம்மா ஆச்சு? மனிதத் தவறுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது" என்றார் மேலாளர்.

"இன்னும் கொஞ்ச நேரம் சார்."

ஆய்வகத்தில் நான் மட்டும்தான். குடுவையைக் கிருமிநீக்கக் கொப்பரையில் வைத்து மூடினால் ஒருவருக்கும் தெரியாது. மூடியைத் திறந்துகூட விட்டேன். ஆவி முகத்தில் அடித்தது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு குடுவையை உள்ளே வைக்காமலே மூடிவிட்டு, அறிக்கையை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு இரண்டு குடுவைகளையும் விசாரணை மேஜைமேல் வைத்தேன்.

"வைரஸ் இந்த ரகத்துக்குள்ளேயே இருந்திருக்கு சார். வெளியிலேர்ந்து வரலை. போன வாரம் காத்தைக் கூட்டச் சொன்னதும் நான்தான். அதிக ஆக்சிஜன் டிஎன்ஏவைப் பாதிச்சிருக்கலாம். அதை உறுதியா சொல்ல முடியாது. ஆனா சோதிக்காம ரகத்தை அனுப்பினது நான். அவர்மேல தப்பு இல்ல."

மேலாளர் குடுவைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன் சார்."

சுவரோரம் நின்ற திருவொற்றியூர்க்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அது எத்தினி நாளா உள்ள இருந்துச்சு?"

"வந்த நாள்லேர்ந்தே இருந்திருக்கு அண்ணே."

"உனுக்குத் தெரியாதா?"

"பார்த்திருக்கணும். பார்க்கலை."

"மூணு நாளா எனுக்கு சோறு எறங்கல. ஊட்ல என் பொண்ணே கேட்டுச்சு, இன்னாப்பா பண்ணி வச்சேன்னு." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. எந்த முகத்தோடு எதிர்பார்த்தேனோ.

வியாழக்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். ரகம் தேர்வு செய்யும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து, என்னைக் கழிவுநீர்ப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். பழைய ரகமே டேங்குக்குத் திரும்பியது.

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஏணியில் இறங்கி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்றார்.

"இதுலயும் உள்ளார எதுனா தூங்கினு கீதா?"

"இருக்கும்ணே. நிறையவே இருக்கும்."

"பாத்து எடு. வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் ஏறி வரும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.