காயும் முன் எடை போட்ட துணிகள்

என் மனைவி எஸ்தருக்குத் தாடையில் கட்டி. எழுபதுகளின் ஆரம்பம், பங்குனி மாதம். பாதித் தாடையை எடுத்தாக வேண்டும், ரத்தம் நிறையப் போகும், பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். சகோதர சகோதரிகளே, அன்று நான் ஜெபிக்கவில்லை. கர்த்தரோடு சண்டை போட்டேன்.

சண்டைக்குக் காரணம் உண்டு. முன்பு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் நூலை எடை போட்டு வைக்கும் வேலை பார்த்தேன். ஐப்பசி மழையில் எடை போட்டு வைத்த பட்டு, சித்திரை வெயிலில் குறைந்து நின்றது. ஈரம் காய்ந்தால் பட்டின் எடை குறையும். முதலாளிக்கும் அது தெரியும். தெரிந்தே என்னைத் திருடன் என்றார். தெருவே பார்க்க வெளியே தள்ளினார். என் பேரைக் காப்பாற்றும் என்று கர்த்தரிடம் மூன்று வருஷம் கெஞ்சினேன். பதில் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை கழுவும் வேலைதான் கிடைத்தது.

எஸ்தரின் ஆபரேஷன் அன்று ஆள் குறைவு. ரத்தத் துணிகளை வாங்கிப் போட என்னையே உள்ளே நிற்கச் சொன்னார்கள். வாயிலிருந்து உறிஞ்சிய ரத்தம் பாட்டிலில் கொஞ்சம்தான் இருந்தது. மீதி எல்லாம் ரத்தம் ஒற்றும் காஸ் துணியில். அவற்றை எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக எடை போட்டு, வெறும் துணியின் எடையைக் கழித்து, போன ரத்தத்தைக் கணக்கிடுவார்கள். தட்டில் கிடந்த துணிகள் ஃபேன் காற்றில் விறைக்கத் தொடங்கின. காய்ந்து எடை குறைந்த அந்தப் பட்டு ஞாபகம் வந்தது; தராசுப் பக்கம் நின்ற நர்ஸிடம் சொன்னேன்.

"சிஸ்டர், இப்பவே எடை போட்டுடுங்கம்மா. காய்ஞ்சிக்கினு இருக்குது. அப்புறம் கம்மியா காட்டும்."

"சும்மா இருப்பா. பாட்டில்ல கொஞ்சம்தானே இருக்கு" என்றார் டாக்டர்.

கர்த்தாவே, என் பேச்சை ஒருத்தராவது நம்பட்டும் என்று உள்ளுக்குள் கதறினேன். அவ்வளவுதான் என் ஜெபம். சிஸ்டர் என்னைப் பார்த்தார். துணிகளைத் தராசில் வைத்தார்.

"டாக்டர், பாட்டில்ல இருக்கறதைப் போல மூணு பங்கு துணியிலயே போயிருக்கு."

தயாராக வைத்திருந்த ரத்தத்தை உடனே ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அவள் போயிருப்பாள் என்று சிஸ்டர்தான் பிறகு சொன்னார்.

எஸ்தர் பிழைத்தாள். முகம் கோணிவிட்டது. நம் சபையிலேயே அவளைப் பார்த்து நகர்ந்து உட்காருகிறவர்கள் இருக்கிறீர்கள்; எனக்குத் தெரியும். அவள் பேசுவது எனக்கு மட்டும்தான் புரிகிறது. கஞ்சி குடிக்கும் முன் அவள் ஜெபிக்கிறாள், நான் ஆமென் சொல்கிறேன். அந்தக் குழறல் குரலுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். போன பேர் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் மனசு கசந்து கிடந்தால், அது ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கசப்போடேயே முழங்கால் போடுங்கள். நான் அப்படித்தான் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.